கலைச்சொல் தேவை: ஷோல்ஸ் மண்ணின் வடிகால் வகை (வியாழனுக்குள்)

திருச்சி மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை 7.10

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வேளாண் பட்டயப் படிப்புக்கான மண்ணியல் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. மற்றதெல்லாம் முடிந்தது, ஒரே ஒரு சொல்லில் நான்கு நாளாக நிற்கிறேன்.

பாடத்தில் எடுத்துக்காட்டாக வருபவை அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ஆற்றோர மண்கள். எல்லாம் வண்டல்தான். ஆனால் தண்ணீர் வடிவதைப் பொறுத்து நான்கு பெயர்: ஜெனசீ, ஈல், ஷோல்ஸ், ஸ்லோன். ஜெனசீயில் தண்ணீர் நன்றாக வடிந்துவிடும். ஈலில் பரவாயில்லை. ஸ்லோன் பள்ளத்து மண், ஈரம் விடவே விடாது. ஷோல்ஸ் இடையில் மாட்டிக்கொண்டது. அதன் வகைப்பெயர் 'சம்வாட் புவர்லி டிரெயிண்டு', சுமாருக்கும் கொஞ்சம் கீழாக வடிவது. மிக வேகமாக வடிவதிலிருந்து எண்ணினால் வடிகால் வகை மொத்தம் ஏழு, இது ஐந்தாவது. நான்காவது 'மாடரேட்லி வெல்', ஆறாவது 'புவர்லி', ஏழாவது 'வெரி புவர்லி'. இந்த நான்கையும் மாணவர் குழப்பிக்கொள்ளாமல் தமிழில் பிரித்துச் சொல்ல வேண்டும்.

முதல் வரைவில் 'ஓரளவு மோசமாக வடியும் வண்டல் மண்' என்று எழுதினேன். வாய்விட்டுப் படித்தபோது அம்மா அடுப்படியிலிருந்து, "மண்ணு மோசமா, வடியறது மோசமா?" என்று கேட்டார். அத்தோடு அந்த வரியை அடித்துவிட்டேன். நல்ல சொல் தாருங்கள்.

மன்னார்குடிப் புலவர், திங்கள் முற்பகல் 11.40

அம்மா, உங்கள் அன்னையார் கேட்டது இலக்கணக் கேள்வி. அடை எதைத் தழுவுகிறது என்பதுதான் அது. 'மோசம்' நம் சொல்லும் அன்று. அதை அடித்ததே நல்லது.

'வடி' என்ற வேரை மட்டும் விடாதீர்கள். வடிதல் தன்வினை, வடித்தல் பிறவினை. வெள்ளம் வடிகிறது, சோறு வடிக்கிறோம். கொல்லன் வேல் வடித்துத் தருவதைப் புறநானூற்றின் 312ஆம் பாட்டு சொல்கிறது. எங்கள் பாட்டி காலத்தில் காதை வடித்துத் தண்டட்டி போட்டார்கள், வடிகாது என்போம். சிற்பி சிலை வடிக்கிறான். எல்லாவற்றிலும் ஓடும் பொருள் ஒன்றே: மிகுதியை இறக்கி உள்ளதைத் துலக்குவது. அப்படித் துலங்கியதே வடிவு. 'வார்' என்பதும் இதற்கு உறவு என்பது என் நெடுநாளைய எண்ணம், அதைத் தனி மடலாக எழுதுகிறேன்.

உங்கள் மண்ணுக்கு எனக்குத் தோன்றும் சொல் 'அள்ளல்'. முத்தொள்ளாயிரம் சேரநாட்டை எப்படிக் காட்டுகிறது? "அள்ளற் பழனத்து அரக்காம்பல் வாயவிழ, வெள்ளந்தீப் பட்டதென வெரீஇ". செவ்வாம்பல் பூத்ததைக் கண்டு தண்ணீரில் தீப்பிடித்தது என்று அஞ்சி, பறவைகள் குஞ்சுகளைச் சிறகுக்குள் ஒடுக்கிக்கொள்கின்றன. அந்த அள்ளலும் நீர் வடியாத வயல்தானே? 'அள்ளல் வண்டல்' என்று வையுங்கள்.

கோவை மண்ணியல் ஆசிரியை, திங்கள் மாலை 4.25

> 'அள்ளல் வண்டல்' என்று வையுங்கள்

ஐயா, அந்தப் பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆம்பல் பூக்க வேண்டுமானால் தண்ணீர் மாதக்கணக்கில் நின்றாக வேண்டும். அது ஸ்லோன் மண், ஏழாவது வகை. ஷோல்ஸை அள்ளல் என்றால் வயலைக் குளமாக்கிவிடுவோம்.

பெயர் வைக்கும் முன் மண்ணைப் பார்ப்போம். ஷோல்ஸில் ஈரமான மாதங்களில், அதாவது அங்கே குளிர்கால முடிவிலும் வசந்தத்திலும், நிலத்தடி நீர் ஏறிக்கொண்டே வந்து தரைக்குக் கீழே அரை அடி, ஒன்றரை அடியில் நிற்கும். கோடையில் இறங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கம்தான் இதன் குணம். மண் துளைகளில் தண்ணீர் நிறைந்தால் காற்றுக்கு இடமில்லை. அப்போது நுண்ணுயிர்கள் மூச்சுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்புத் துருவைப் பயன்படுத்திக்கொள்கின்றன. துரு கரைந்து தண்ணீரோடு நகர்கிறது. அது போன இடம் சாம்பல் நிறமாகிறது. தண்ணீர் இறங்கும்போது பழைய வேர்த்துளை, புழுத்துளை வழியாகக் காற்று புகுந்து, கரைந்த இரும்பு அங்கே மறுபடி துருவாகப் படிகிறது. சாம்பல் தரையில் செம்மஞ்சள் புள்ளிகள் வருவது இப்படித்தான். மண்ணின் நிறத்தை ஒப்பிட்டு எண் தரும் மன்செல் நிற அட்டையில் வைத்துப் பார்த்தால் சாம்பல் பகுதியின் நிறச்செறிவு எண் 2 அல்லது அதற்கும் கீழ்.

அடுத்த குணம் வெள்ளம் தந்தது. ஒவ்வொரு வெள்ளமும் ஒரு படலம் போடும், ஒரு வரி நுண்மணல், ஒரு வரி வண்டல், சில இடத்தில் அடியில் புதைந்துபோன பழைய மேல்மண். மற்ற மண்களில் ஆழம் போகப் போகக் கரிமம் சீராகக் குறையும். இங்கே குறையும், கூடும், மறுபடி குறையும். இத்தனையையும் ஒரு பெயர் தாங்க வேண்டியதில்லை. ஆனால் 'எப்போதும் சேறு' என்று தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

என் பரிந்துரை: ஆறாவது 'குறைவடி மண்', ஏழாவது 'மிகு குறைவடி மண்', ஐந்தாவது 'சற்றுக் குறைவடி மண்'. ('சற்று' வன்றொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிகும். அச்சில் விட்டுவிடாதீர்கள்.)

வவுனியா ஆசிரியர், திங்கள் இரவு 9.05

வணக்கம். இலங்கையில் நாங்கள் இந்த வகையை 'இம்பெர்ஃபெக்ட்லி டிரெயிண்டு' என்றே அறிவோம். வன்னியில் ஒரு சரிவை எடுத்துக்கொண்டால் மேட்டில் செங்கபில மண், நன்றாக வடியும். கீழ்ச்சரிவில் அதே செங்கபில மண் அரைகுறையாய் வடியும். பள்ளத்தில் சாம்பல் மண், வயல் அங்கேதான். எங்களுடையது ஆற்று வண்டல் அல்ல என்றாலும் வடிகால் படி ஒன்றுதான். அமெரிக்க மண் அளவாய்வுக் கையேட்டின் 1951 பதிப்பிலேயே இரண்டு பெயரும் ஒரே வகைக்குச் சேர்த்துத் தரப்பட்டிருக்கின்றன.

நான் வகுப்பில் 'அரைகுறை நீர்வடிப்பு' என்று சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு உடனே விளங்குகிறது. 'சற்றுக் குறைவடி' என்றால் சற்று எவ்வளவு, குறை எவ்வளவு என்று கேட்பார்கள்.

சென்னை உள்ளூராக்கத் தம்பி, செவ்வாய் காலை 8.30

எனக்கு இன்னொரு கவலை. பாடத்தில் 'ஃபிளட் பிளெயின்' என்பதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? பள்ளி நூல்களில் 'வெள்ளச் சமவெளி'. ஆனால் ஆற்றங்கரையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, படுகை என்றுதான் சொல்கிறார்கள். நாதல்படுகை என்று ஊரே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் கொள்ளிடம் பெருகியபோது அந்த ஊருக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் படுத்து எழுந்து போகிற இடம் படுகை. இதைவிடப் பொருத்தமான சொல் வேறு எங்கே கிடைக்கும்?

கோவை மண்ணியல் ஆசிரியை, செவ்வாய் காலை 9.15

தம்பி, சொல் அருமைதான். ஆனால் 'காவிரிப் படுகை' என்று ஆற்றின் முழு நீர்ப்பிடிப்பு நிலத்துக்கும் சொல்லிப் பழகிவிட்டோம். ஒரே பக்கத்தில் இரண்டு படுகை வந்தால் மாணவர் எதை எடுத்துக்கொள்வார்? முப்பது ஆண்டுக்கு முன் யாராவது இதைக் கவனித்திருக்கலாம். இப்போதைக்கு வெள்ளச் சமவெளியே இருக்கட்டும்.

கொள்ளிடக்கரை விவசாயி, செவ்வாய் மாலை 6.50

டீச்சருக்கும் ஐயாவுக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம். டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை எங்கள் கொல்லையில் மண்வெட்டியால் ஒரு குழி போட்டேன். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள நிலம் அது.

மேலே ஒன்றரைச் சாண் பழுப்பு மண். அப்புறம் ஒரு விரல் கனத்துக்கு மணல் வரி, எந்த வெள்ளத்தில் வந்தது என்று அப்பா இருந்தால் சொல்லியிருப்பார். அதற்குக் கீழே சாம்பல். கட்டியைக் கையில் எடுத்து உடைத்தால், பழைய நெல்வேர் போன தடம் ஒவ்வொன்றிலும் துரு, நூல் கோத்த மாதிரி. தேய்த்தால் அம்மியில் மஞ்சள் அரைத்த விரல் மாதிரி ஆகிவிடுகிறது.

எங்கள் பக்கம் இந்த மண்ணுக்குத் தனிப்பெயர் இல்லை. 'தண்ணி சுணங்கி வடியும்' என்போம். மேட்டுக் கொல்லையில் மழை விட்ட மறுநாள் ஏர் இறங்கும். பள்ளத்தில் தை பிறந்தாலும் இறங்காது. இதில் நாலைந்து நாள் சுணங்கும், அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து விதைக்கிறோம். நன்றாக வடிகிற மண்ணில் அந்த உளுந்து மாசியில் காய்ந்துவிடும். பள்ளத்தில் முளையிலேயே அழுகும். இந்த மண்ணில்தான் மிச்ச ஈரத்தில் வேர்பிடித்து, ஒரு தண்ணீர் கூடக் கட்டாமல் காய்க்கும். இதைப் போய்க் குறை, அரைகுறை என்றால் மனசு ஒப்பவில்லை.

மன்னார்குடிப் புலவர், செவ்வாய் இரவு 11.55

தம்பி, உங்கள் மடலைப் படித்தபின் தூக்கம் வரவில்லை. சுணங்குதல் என்றால் தாமதித்தல், சுணக்கம் என்பது இன்றும் வாயில் இருக்கிறது. சங்கப் பாட்டில் சுணங்கு என்பது என்ன? மகளிர் மேனியில் படரும் பொன்னிறப் புள்ளி. வேங்கைப் பூவோடு ஒப்பிடுவார்கள். உங்கள் கொல்லையில் தண்ணீரும் சுணங்குகிறது, மண்ணின் மேனியிலும் சுணங்கு படர்கிறது. காரணமும் அடையாளமும் ஒரே சொல்லில் வந்துவிட்டன.

'சுணங்குவடி மண்' என்று வைப்போம். சுணங்குகின்ற வடி, வினைத்தொகை. 'வடி' முதனிலைத் தொழிற்பெயர். இலக்கணம் தடுக்காது. என் அள்ளலை நானே திரும்பப் பெறுகிறேன். இரண்டு சுணங்கும் ஒரே வேர் என்பதே என் துணிபு. சுண்ணம், சுண்டல், சுணை ஆகியவற்றையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும்.

சென்னை உள்ளூராக்கத் தம்பி, புதன் காலை 7.45

ஐயா, இரண்டும் ஒரே வேர் என்பதற்கு ஒலி ஒற்றுமை தவிர வேறு சான்று இருக்கிறதா? சுண்டலை இதில் சேர்க்க என்னால் முடியவில்லை. அதை விடுங்கள், பட்டயப் படிப்பு மாணவர் தேர்வில் ஏழு பெயரையும் வரிசையாக எழுத வேண்டும். ஆறு பெயர் ஒரே அச்சில் இருந்து ஐந்தாவது மட்டும் கவிதையாக நின்றால் வரிசை மனதில் பதியாது. தூய தமிழா இல்லையா என்பதைவிட, படித்ததும் பிடிபடுகிறதா என்று பாருங்கள்.

கோவை மண்ணியல் ஆசிரியை, புதன் முற்பகல் 10.20

தம்பி சொல்லும் வரிசை நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஊர்ச்சொல் அறிவியலுக்கு ஆகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தச் சாம்பல் மண்ணுக்கு உலகம் முழுக்க வழங்கும் 'கிளே' (gley, களிமண்ணைக் குறிக்கும் clay அல்ல) என்ற பெயர் ரஷ்ய உழவர் பேச்சிலிருந்து எடுத்தது, 1905இல் விசோத்ஸ்கி அறிவியலுக்குள் கொண்டுவந்தார். கரிசலை ஆங்கில நூல்கள் 'ரெகர்' என்றது தெலுங்கின் ரேகடியிலிருந்து. கொள்ளிடத்துச் சொல்லுக்கும் அந்தத் தகுதி உண்டு. ஐந்தாவது வகைக்கு வேண்டாம் என்றால், அந்தத் துருப்புள்ளிகளுக்காவது 'சுணங்கு' என்று வைப்போம். 'நிறத்திட்டு' என்று இப்போது நான் எழுதுவது எனக்கே பிடிக்கவில்லை.

கொள்ளிடத்துத் தம்பிக்கு ஒரு கேள்வி. நெல்வயலில் சேற்றுழவால் ஏரடியில் ஒரு கெட்டி அடுக்கு உண்டாகும். அதன்மேல் தண்ணீர் நின்றாலும் சாம்பலும் துருவும் வரும். அது மேலிருந்து வந்த ஈரம். ஷோல்ஸில் ஈரம் கீழிருந்து ஏறுவது. இரண்டும் ஒன்றல்ல. உங்கள் குழியில் சாம்பல் ஏரடியோடு நின்றதா, கீழே போகப் போகக் கூடியதா?

குறை என்ற சொல்லால் மண்ணைப் பழிக்கிறோமோ என்று நீங்கள் கேட்டதையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இண்டியானாவிலும் ஷோல்ஸ் மண்ணில் குழாய் பதித்து நீரை இறக்கி மக்காச்சோளமும் சோயாவும் நன்றாகவே விளைவிக்கிறார்கள். குறை வடிவதில்தான், மண்ணில் இல்லை. அதைப் பாடத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லலாம்.

திருச்சி மொழிபெயர்ப்பாளர், வியாழன் காலை 6.30

எல்லோருக்கும் நன்றி. தனி மடல்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். 'சற்றுக் குறைவடி' ஆறு பேர், 'சுணங்குவடி' மூன்று பேர், 'அரைகுறை நீர்வடிப்பு' ஒருவர். அட்டவணையில் 'சற்றுக் குறைவடி மண்' போகிறது. புள்ளிகளுக்குச் 'சுணங்கு' என்று போட்டு, முதல் இடத்தில் விளக்கமும் தந்திருக்கிறேன். குறை மண்ணில் இல்லை என்ற வரியும் சேர்ந்தது, உளுந்தோடு. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "சரி, வடியறதுலதான் குறை" என்றார்.

வவுனியா ஆசிரியர், வியாழன் காலை 8.00

முடிவை மதிக்கிறேன். என் வகுப்பில் அரைகுறை நீர்வடிப்பு என்றே தொடர்வேன், உங்கள் சொல்லையும் பக்கத்தில் எழுதிவைப்பேன்.

மன்னார்குடிப் புலவர், வியாழன் காலை 9.10

ஆறு பேர் சொன்னதால் சொல் சிறந்ததாகிவிடாது. என் மாறுபாட்டை இழையில் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன். சுணை பற்றிய மடல் தயாராகிறது.

கொள்ளிடக்கரை விவசாயி, வியாழன் மாலை 5.40

டீச்சர், நேற்று மாலை அதே குழியை ஆழப்படுத்தினேன். ஏரடியில் நிற்கவில்லை. கீழே போகப் போகச் சாம்பல் கூடுகிறது, துரு குறைகிறது. இரண்டரை அடிக்குக் கீழே துருவே இல்லை, நீலம் கலந்த சாம்பல். மூன்றடியில் தண்ணீர் ஊறி வந்தது, பக்கத்திலிருந்து இல்லை, அடியிலிருந்து. இன்று காலை போய்ப் பார்த்தபோது குழிக்குள் ஒரு முழம் தண்ணீர் நின்றது. மழை பெய்து பன்னிரண்டு நாள் ஆகிறது.