பழைய ட்ரெய்லரின் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) அடியில் படுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: ஃபிரேம் (அடிச்சட்டம்), ஆக்ஸில் (சக்கர அச்சு) அனுபவங்கள்

பின்பம்பர்:
எழுபதுகளின் அலுமினிய உடல் வண்டி, பின்பக்கம் குளியலறை. இதைச் சொன்னாலே உங்களில் பாதிப் பேருக்கு மீதிக் கதை தெரிந்துவிடும். விற்பவர் ஜன்னல்களையும் அலமாரிகளையும் காட்டிக்கொண்டே இருந்தார். நான் பின்னால் போய் பம்பர் மேல் ஏறி நின்று மேலும் கீழும் ஆட்டினேன். கூட வந்த மச்சான் பக்கவாட்டில் குனிந்து பார்த்துவிட்டு, "பம்பர் இறங்குது, வண்டி இறங்கல" என்றான். அலுமினியக் கூட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி, நான் அழுத்தும்போதெல்லாம் திறந்து மூடியது.

விற்பவர் அசரவே இல்லை. "போல்ட் கொஞ்சம் லூஸ், முறுக்கினால் சரியாகிவிடும்" என்றார். அந்த பதில்தான் இன்னும் உறுத்துகிறது. கூட்டை ஃபிரேமோடு பிடித்து வைத்திருப்பதே தரைப்பலகை வழியாக இறங்கும் போல்ட்டுகள்தான். பின் ஜன்னலிலும் விளக்கு ஓரத்திலும் ஒழுகிய தண்ணீர் அந்த ப்ளைவுட்டின் விளிம்பை உளுத்துப்போக வைத்துவிட்டால், போல்ட் எதைப் பிடிக்கும்? மாவில் ஆணி அடிப்பது போலத்தான். நான் வாங்கவில்லை. கொஞ்ச நாளில் வேறொருவர் வாங்கிவிட்டதாகக் கேள்வி. அவர் பம்பரில் ஏறி நின்று பார்த்தாரா, தெரியாது.

துருத்தூள்:
புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த பழைய ஃபிரேமைக் கண்டாலே எனக்கு வயிறு கலங்கும். நான் பார்த்த வண்டியில் காரோடு மாட்ட முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஃபிரேம் பகுதி, அதாவது நாக்கு, பளபளவென்று இருந்தது. சின்னச் சுத்தியலால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போனேன். ணங், ணங் என்று வந்த சத்தம், ஆக்ஸிலுக்குப் பின்னால் போனதும் தொப் என்று மாறியது. அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

பெல்லி பேனில், அதாவது வண்டியின் அடியை மூடும் தகட்டில், ஒரு மூலையைக் கழற்றிப் பார்த்தால், நனைந்துபோன கண்ணாடிக் கம்பளியும் எலிக்கூடும் இரும்பின் மேல் அப்பிக் கிடக்கின்றன. ஃபிரேமிலிருந்து பக்கவாட்டில் நீண்டு தரையைத் தாங்கும் அவுட்ரிகர்கள் கையோடு உதிர்ந்து வந்தன. அடித்தகட்டைக் கழற்ற விடாதவரிடம் விலை பேசவே பேசாதீர்கள்.

ரப்பர்காரன்:
என் வண்டியில் பிரச்சினை தெரிந்தது ஆக்ஸிலில் இல்லை, அலமாரிக்குள். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் திருகாணிகள் கழன்று கிடக்கும், உட்சுவரில் ரிவெட் தலைகள் அறுந்திருக்கும். டயர் காற்றைக் குறை, பிளாஸ்டிக் தட்டு வாங்கு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருநாள் ஜாக்கி வைத்து ஃபிரேமைத் தூக்கினேன். டயர் தரையை விட்டு எழும்பிவிட்டது, ஆனால் சக்கரம் கீழே தொங்கவே இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. வண்டிக்கு சஸ்பென்ஷனே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அமெரிக்க ட்ரெய்லர் நிறுவனமான ஏர்ஸ்ட்ரீம் 1961இல் ரப்பர் டார்ஷன் ஆக்ஸிலுக்கு மாறியது. அப்புறம் வேறு சிலரும் வந்தார்கள். சதுரக் குழாய்க்குள் ரப்பர் உருளைகள், அவற்றை முறுக்கிக்கொண்டு அசையும் கை, அவ்வளவுதான் அமைப்பு. ரப்பருக்கு வயதானால் இறுகி, அழுந்திய நிலையிலேயே நின்றுவிடும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பாருங்கள். ஆக்ஸிலிலிருந்து சக்கரத்தை நோக்கி அது கீழே சரிந்திருக்க வேண்டும். கிடைமட்டமாகவோ மேல்நோக்கியோ இருந்தால் கதை முடிந்தது. உள்ளே இருக்கும் ரப்பரை மட்டும் மாற்ற வழியில்லை, ஆக்ஸிலையே மாற்ற வேண்டும். நான் 22.5 டிகிரி தொடக்கக் கோணத்தில் (பாரம் இல்லாதபோது கை கீழே சரிந்திருக்கும் அளவு) புதிதாகச் செய்து வாங்கிப் போட்டேன். வண்டி உயர்ந்தது, அலமாரியும் அமைதியானது.

நாலுகட்டை:
ரப்பர்காரரே, இதனால்தான் நான் லீஃப் ஸ்பிரிங்கை (அடுக்கிய இரும்புப் பட்டைகள்) விட்டு நகர்வதில்லை. ஒரு பட்டை உடைந்தால் சாலையோரத்தில்கூட மாற்றலாம். உங்கள் ஆக்ஸிலைச் செய்து வாங்க எத்தனை வாரம் காத்திருந்தீர்கள்? அதோடு ரப்பர் வயதால் மட்டும் சாவதில்லை, ஓடாமல் ஒரே இடத்தில் பாரத்தோடு நிற்பதால்தான் சாகிறது. ஓட்டிக்கொண்டே இருந்தால் தாங்கும்.

என் கதை வேறு. ஒரு பக்க டயர் மட்டும் தேய்ந்துகொண்டே இருந்தது, இழுக்கும்போது வண்டி லேசாகக் கோணலாக ஓடியது. பின்னால் காரில் வந்தவர்தான் முதலில் சொன்னார். நாக்கின் நுனியில் காரோடு பூட்டும் கப்ளரின் நடுவிலிருந்து ஆக்ஸிலின் இரண்டு முனைகளுக்கும் டேப் பிடித்து அளந்தேன். இரண்டும் சமமாக இருக்க வேண்டும், இங்கே முக்கால் அங்குலம் வித்தியாசம். ஆக்ஸில் வளைந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார் ஒரு கடைக்காரர். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ-போல்ட்டைக் கழற்றினேன். ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்திருக்கும் நடு போல்ட்டின் தலை அறுந்து, ஆக்ஸில் இருக்கையின் குழிக்குள் தனியாகக் கிடந்தது. அந்தத் தலை குழியில் உட்கார்ந்திருப்பதால்தான் ஆக்ஸில் முன்னே பின்னே நகராமல் நிற்கிறது. ஒரே ஒரு போல்ட்! ஆக்ஸிலில் ஒரு குறையும் இல்லை.

ரப்பர்காரன்:
ஓட்டிக்கொண்டே இருந்தால் தாங்கும் என்பது பாதி உண்மை. ஐம்பது வருட ரப்பர் எப்படி ஓட்டினாலும் ஐம்பது வருட ரப்பர்தான். அப்புறம் உங்கள் ஷேக்கிள் புஷ்களை (ஸ்பிரிங் முனையைத் தொங்கவிடும் இணைப்பில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் குழல்கள்) கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? நைலான் புஷ் தேய்ந்து, போல்ட்டும் பாதி அறுந்து, ஓட்டை முட்டை வடிவமான லீஃப் ஸ்பிரிங் வண்டிகளை நானும் பார்த்திருக்கிறேன்.

நாலுகட்டை:
வெண்கல புஷ், கிரீஸ் அடிக்கும் போல்ட். போட்டாயிற்று.

முட்டைவண்டி:
1968இல் கனடாவின் வினிபெக்கில் போலர் என்ற முட்டை வடிவ ட்ரெய்லர் வந்த பிறகு, அதே சாயலில் வந்த ஃபைபர்கிளாஸ் வண்டிகளில் ஒன்று என்னுடையது. பதிமூன்று அடி, எடையே இல்லாத வண்டி. நாக்கு, உடலுக்கு அடியில் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால், மழைக்குப் பிறகு பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. துடைத்தேன், அடுத்த மழைக்கு மறுபடியும் வந்தது. பெயின்ட்டைச் சுரண்டினால் முடி மாதிரி ஒரு விரிசல். மேலே நின்று கப்ளரைத் தூக்கினால் விரிசல் மூடுகிறது, விட்டால் திறக்கிறது. அதைப் பார்த்தபோது, போன வாரம் நெடுஞ்சாலையில் பின்இருக்கையில் குழந்தைகளோடு இழுத்து வந்தது ஞாபகம் வந்தது.

மேலே ஒரு வரி வெல்டிங் ஓட்டினால் போதும் என்கிறார்கள். போதுமா?

வெல்டர்:
போதாது. விரிசலை இப்படி மூடிக் கொடுத்த வண்டி ஒன்று என்னிடம் வந்தது. முதலில் வெல்டிங் செய்தவர் வேறு யாரோ. வெல்டிங் அப்படியே இருக்கிறது, அதற்கு அரை அங்குலம் தள்ளிப் புதிதாக விரிந்திருக்கிறது.

இப்போது கேளுங்கள். விரிசல் எங்கே முடிகிறது என்று கண்ணால் தெரியாது. டை பெனிட்ரன்ட் (விரிசலுக்குள் இறங்கி அதைக் காட்டும் சாயம்) அடித்துப் பார்த்து, நுனியில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் மேலே ஓடாது. விரிசலை வி வடிவில் முழு ஆழத்துக்குக் குடைந்து நிரப்ப வேண்டும். அதன் மேல் ஒட்டுத்தகடு வைக்கும்போது செவ்வகமாக வெட்டி நான்கு பக்கமும் சுற்றி வெல்டிங் வைக்காதீர்கள். தகட்டின் முனை வெல்டிங் ஃபிரேம் சேனலுக்கு (நீள இரும்புச் சட்டம்) குறுக்கே ஓடினால் அடுத்த விரிசல் அங்கேதான் பிறக்கும். முனைகளை வைர வடிவில் சரித்து வெட்டுங்கள், வெல்டிங் நீளவாக்கில் ஓடட்டும். மேல், கீழ் விளிம்புகளில் குறுக்கு வெல்டிங் வேண்டவே வேண்டாம். பேட்டரியைக் கழற்றுங்கள், கேஸ் சிலிண்டரை இறக்கி வெகுதூரம் வையுங்கள். ஃபைபர்கிளாஸும் தரைப்பலகையும் பக்கத்திலேயே இருக்கின்றன, தண்ணீரோடு ஒருவர் உள்ளே நிற்க வேண்டும். கால்வனைஸ் (துத்தநாக) பூச்சு இருந்தால் முதலில் தேய்த்து எடுங்கள், அந்தப் புகை காய்ச்சல் வரவழைக்கும். ரப்பர் ஆக்ஸில் குழாயின் மேல் வெல்டிங் நெருப்பே படக்கூடாது, உள்ளே ரப்பர் வெந்துவிடும். அதை ஜாக்கி வைக்கும் இடமாகவும் பயன்படுத்தாதீர்கள்.

இத்தனையும் செய்த பிறகும், ஏன் விரிந்தது என்று கேட்காவிட்டால் வீண். நாக்கின் மேல் என்னென்ன ஏற்றியிருக்கிறீர்கள்? இரண்டாவது பேட்டரி, சைக்கிள் ஸ்டாண்ட், கருவிப் பெட்டி? கப்ளரில் இறங்கும் பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருந்தால் நல்லது. கூடினால் அந்த இடம்தான் வாங்கிக்கொள்ளும். குறைத்தால் வண்டி வாலாட்டும், அது இன்னும் மோசம். ஆக்ஸில் இறுகியிருந்தாலும் குழியில் விழும் அடி நேராக ஃபிரேமுக்குத்தான் போகும்.

பின்பம்பர்:
வெல்டர் அண்ணா, அவர் ஒரு கேள்விதான் கேட்டார். ஆனால் கடைசிப் பத்தி சரி. முட்டைவண்டி, நாக்கின் எதிர்ப்பக்கத்து இரும்புச் சட்டத்தையும் சுரண்டிப் பார்த்தீர்களா? இந்த நாக்கில் இரண்டு பக்கமும் ஒரே பாரம்தானே.

முட்டைவண்டி:
இப்போதுதான் சுரண்டினேன். அங்கேயும் இருக்கிறது, இன்னும் நீளமாக. நாக்கில் சைக்கிள் ஸ்டாண்ட் இருந்தது உண்மைதான், முந்தைய உரிமையாளர் வைத்தது. ஒட்டுப்போடும் யோசனையை விட்டுவிட்டேன். முன்பாதியை வெட்டி எடுத்துவிட்டு, தடிமனான சதுரக் குழாயில் புது நாக்கு ஆக்ஸில் வரை நீட்டிப் போடப் போகிறேன். ஆக்ஸிலின் கையும் கிடைமட்டமாகத்தான் நிற்கிறது, அதையும் இதோடு சேர்த்தே மாற்ற வேண்டியதுதான். ரப்பர்காரரே, ஆர்டர் கொடுக்கும்போது ஆக்ஸிலை ஃபிரேமோடு பிடிக்கும் பிராக்கெட்டிலிருந்து பிராக்கெட் வரை உள் அளவா, வெளி அளவா கேட்டார்கள்?

ரப்பர்காரன்:
வெளி அளவு. ஹப் முகத்திலிருந்து (சக்கரம் பொருந்தும் பரப்பு) ஹப் முகம் வரையும் தனியாகக் கேட்பார்கள். பழைய ஆக்ஸிலைக் கழற்றுவதற்கு முன்பே இரண்டையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், சக்கரக்குழியில் டயருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும்.