ரிவர்ஸ் போட்டதும் வண்டி உதைக்கிறதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆட்டோமேட்டிக் வண்டி ரிவர்ஸில் "டொம்" என்று உதைத்தால் பழி உடனே கியர்பாக்ஸ் மேல் விழுகிறது. அதை நம்பி ஓவர்ஹால் வரை போனவர்கள் நிறைய. உதை எப்போது வருகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். லீவரைப் போட்ட நொடியே வருகிறதா, ஓரிரு விநாடி சும்மா இருந்துவிட்டு அடிக்கிறதா, பிரேக்கை விட்டு வண்டி நகரும்போது வருகிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு.

போட்ட நொடியே என்றால் ஐடில் ஆர்பிஎம்மை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்பதைப் பாருங்கள். சூடான பெட்ரோல் இன்ஜின் ஏசி இல்லாமல் பெரும்பாலும் 700-800ல் நிற்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1,200க்கு மேல் ஓடும்போது ரிவர்ஸ் போட்டால் நல்ல வண்டியும் லேசாக உதைக்கும், அதைக் கோளாறாக எடுக்க வேண்டாம். நன்றாகச் சூடான பிறகும் 1,000க்குக் கீழே இறங்காவிட்டால் இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியில் கரி, அல்லது இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு. ஸ்கேனரில் பி0507 (ஐடில் அதிகம் என்று சொல்லும் கோளாறுக் குறியீடு) வந்தால் சந்தேகமே வேண்டாம், இந்த வழியில்தான் தேட வேண்டும்.

ஐடில் சரியாக இருந்தால் அடுத்தது மவுண்ட், அதாவது இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடி. முன்சக்கர வண்டியில் டிரைவ் போட்டால் இன்ஜினின் தலை பின்பக்கம் சாயும், ரிவர்ஸில் முன்பக்கம். ரப்பர் ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தால் டிரைவில் ஒன்றுமே தெரியாது, ரிவர்ஸில் மட்டும் இடிக்கும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி டி, ஆர், டி என்று மாற்றட்டும். நீங்கள் பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கவே கூடாது. இன்ஜின் ஓர் அங்குலத்துக்கு மேல் துள்ளினால் மவுண்ட் போச்சு. உள்ளே திரவம் உள்ள மவுண்டாக இருந்தால் அடியில் கறுப்பாகக் கசிந்திருக்கும்.

* * *

மேலே சொன்னதில் "சும்மா இருந்துவிட்டு அடிப்பது" இருக்கிறதே, அதுதான் கவலைப்பட வேண்டிய ரகம். ஆயில் அழுத்தம் தாமதமாக ஏறி, கிளட்ச் ஒரே அடியாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். கடிகாரத்தை வைத்தே அளக்கலாம். டொயோட்டா ஆட்டோமேட்டிக்குகளுக்கான சர்வீஸ் கணக்கில் நியூட்ரலிலிருந்து டிரைவ் பிடிக்க 1.2 விநாடிக்குள், ரிவர்ஸ் பிடிக்க 1.5 விநாடிக்குள் ஆக வேண்டும். ஆயில் 50-80 டிகிரி சூட்டில் இருக்கட்டும், ஒவ்வொரு முறைக்கும் நடுவே 1 நிமிடம் விட்டு மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். டிரைவ் சரி, ரிவர்ஸ் மட்டும் தாமதம் என்றால் ரிவர்ஸ் கிளட்ச்சின் சீல் அல்லது ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியிலிருந்து அதற்குப் போகும் வழியில் கோளாறு. இரண்டுமே தாமதம் என்றால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள்.

அளவு பார்ப்பதிலும் ஒரு சிக்கல். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகளில் குறிப்பிட்ட சூட்டில், இன்ஜின் ஓடும்போது, லெவல் பிளக் வழியாக மெல்லிய தாரையாக வழிய வேண்டும். ஆறிய வண்டியில் பார்த்தால் தப்பாகத்தான் காட்டும். அதிகம் ஊற்றினாலும் நுரைத்து இதே உதை வரும். ஹூண்டாய் 6 ஸ்பீடுக்கு எஸ்பி-4, ஹோண்டா சிவிடிக்கு எச்சிஎஃப்-2 என்று பெட்டிக்குப் பெட்டி ஆயில் வேறு. "எல்லாத்துக்கும் இது ஒன்னே போதும்ணே" என்று கடைக்காரர் நீட்டுவதை வாங்காதீர்கள்.

இன்னொன்று: டிரைவ், ரிவர்ஸ் இரண்டும் திடீரென்று ஒரே நாளில் முரட்டுத்தனமாக மாறினால், கம்ப்யூட்டர் ஏதோ கோளாறு கண்டு லைன் பிரஷரை (கியர்பாக்ஸ் ஆயிலின் அழுத்தத்தை) முழுசாக ஏற்றியிருக்கலாம். ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டைப் படிக்காமல் எதையும் கழற்றாதீர்கள். பேட்டரி மாற்றிய மறுநாள் தொடங்கியதென்றால், கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த அளவுகள் அழிந்திருக்கும். அவற்றை மறுபடி பழக்கினாலே (ரீலேர்ன்) பல வண்டிகள் சரியாகிவிடும்.

* * *

இன்னோவா கிரிஸ்டா மாதிரி பின்சக்கர வண்டிக்காரர்கள் அடியில் படுத்துப் பாருங்கள் சார். சமதளத்தில் கட்டை வைத்து, நியூட்ரலில், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்புங்கள். கிராஸில் (ஷாஃப்டின் மூட்டில் உள்ள சிலுவை வடிவத் துண்டில்) "டக்" என்று ஆட்டம் இருந்தாலோ, அதன் பேரிங் கப் ஓரத்தில் செந்தூள் மாதிரி துரு தெரிந்தாலோ கிராஸ் மாற்ற வேண்டும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடியுங்கள், ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் இடமான ஸ்லிப் யோக்கையும் மறக்காமல். பல நேரம் உதை அங்கேயே அடங்கிவிடும்.

நகரும்போது ஒரே ஒரு "டக்" மட்டும், அதுவும் திசை மாறிய முதல் பிரேக்கில் என்றால் பிரேக் பேட் கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ் கிழிந்திருக்கும். மழைக்காலத்தில் ஹேண்ட்பிரேக் இழுத்து இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் "படக்" என்று விடுபட்டால், டிரம்மில் ஷூ துருவேறி ஒட்டியிருக்கிறது. கியர்பாக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

* * *

ஏஎம்டி வண்டிக்கு மேலே உள்ள ஆயில் கதை பொருந்தாது. அது கிளட்ச்சையும் கியரையும் தானே இயக்கும் ஆக்சுவேட்டர் பொருத்திய சாதாரண மேனுவல் பெட்டி. கிளட்ச் தேயத் தேய, அது பிடிக்கத் தொடங்கும் இடம் நகரும். ஸ்கேனரில் கிளட்ச்சை மறுபடி பழக்கினால் உதை குறையும். சில நாளிலேயே திரும்பி வந்தால் பிளேட் முடிந்தது.

சரிவில் நிறுத்துபவர்களுக்கு: பிரேக்கை அழுத்தி, நியூட்ரலுக்குப் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பிரேக்கை விட்டு வண்டி பாரம் அதன்மேல் உட்கார்ந்த பிறகு பார்க் போடுங்கள். மாற்றிச் செய்தால் முழு பாரமும் பார்க்கிங் பாலில் (pawl, பார்க்கில் கியர்பாக்ஸைப் பூட்டும் கொக்கி) தொங்கும், பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்கு இழுக்கும்போது அது பிய்த்துக்கொண்டு அடிக்கும். சந்தேகம் இருந்தால் பார்க்கிலிருந்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து 2 விநாடி நிறுத்தி, பிறகு ரிவர்ஸ் போடுங்கள். சத்தம் நியூட்ரலிலேயே வந்துவிட்டால் அது பார்க்கிங் பால்தான்.