ஈன்வளை: பனிக்கரடி குட்டி ஈனும் இடத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பனிக்கரடி பற்றி நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் இன்னும் முடிவாகாமல் நிற்பவற்றில் முக்கியமானது ஒரு சொல். சினைக்கரடி பனிமேட்டைத் தோண்டி உள்ளே அடைந்து, குட்டி போட்டு வளர்க்கிறதே, அந்த இடத்துக்கு என்ன பெயர்? மகப்பேற்றுக் குகை, பனிக்குகை, குளிருறக்கக் குகை என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் குகை. குகை என்றால் பாறையில் முன்பே இருப்பது. விலங்கு போய்த் தங்கிக்கொள்கிறது. இங்கே அப்படி இல்லை. அக்டோபர், நவம்பர் வாக்கில் காற்று ஒதுக்கிக் குவித்த பனிச்சரிவு ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, தாய்தான் தன் முன்கால்களால் குடைகிறது. ஒடுங்கிய நுழைவழி, அதன் முடிவில் சற்று மேடாக ஓர் அறை. அறை மேலே இருப்பதால் உடல்சூட்டில் வெதுவெதுப்பான காற்று வெளியேறாமல் தங்குகிறது. வெளியே விழும் பனி வாசலை மூடிவிடும். உட்கூரையைப் பார்த்தால் நகம் கீறிய தடங்கள் தெரியும். விலங்கு தானே தோண்டிக்கொள்வதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: வளை. எலி வளை, நண்டு வளை என்று நாள்தோறும் சொல்கிறோம்.

பனிக்குகையில் 'பனி'யும் இடிக்கிறது. கனடாவின் ஹட்சன் விரிகுடா மேற்குக் கரையில், வாபுஸ்க் தேசியப் பூங்கா பக்கம், ஏரி ஓடைக் கரைகளின் கரிமண்ணில்தான் கரடிகள் தோண்டுகின்றன. மர வேர்கள் கூரையைத் தாங்கிப் பிடிக்கின்றன. (வாபுஸ்க் என்பது அந்தப் பகுதிப் பழங்குடிகளான கிரீ மக்களின் மொழியில் வெள்ளைக் கரடி. அவர்கள் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.) அலாஸ்காவுக்கு வடக்கே உள்ள போபர்ட் கடலிலோ மிதக்கும் கடல்பனியின் மேலேயே குடையும் கரடிகளும் உண்டு. எதில் தோண்டியது என்பதைப் பெயரில் வைத்தால் பாதி இடங்களில் பொருந்தாது.

குளிருறக்கம் என்பது தவறாகவே வழிநடத்தும். ஆண் கரடிகளும் சினையில்லாத பெண் கரடிகளும் குளிர்காலம் முழுக்கப் பனிமேல் வேட்டையாடிக்கொண்டுதான் இருக்கின்றன. மாதக்கணக்கில் உள்ளே அடைவது சினைக்கரடி மட்டுமே, அதுவும் குட்டிக்காக.

ஆகவே என் பரிந்துரை ஈன்வளை.

'ஈன்' நான் புதிதாக ஒட்டியது இல்லை. குறுந்தொகை 85ஆம் பாட்டில் ஆண் குருவி, சூல் முதிர்ந்த பேடைக்கு 'ஈன் இல்' கட்டக் கரும்பின் வெண்பூவைக் கோதி எடுக்கிறது. குட்டியோ குஞ்சோ ஈனும் இடத்துக்கு இப்படி ஒரு பெயர் நம் மொழியில் முன்பே இருக்கிறது. அங்கே ஆண் குருவி கட்டித் தருகிறது. இங்கே ஆண் கரடிக்கு இந்த வேலையில் எந்தப் பங்கும் இல்லை. அதனால்தான் 'இல்' என்பதை விட்டுவிட்டு 'வளை'யை எடுத்தேன்.

இன்னொன்று, இது வினைத்தொகை. ஈன்ற வளை, ஈனுகின்ற வளை, ஈனும் வளை மூன்றும் அதற்குள் அடக்கம். உண்மையும் அதுதான். ஏப்ரல், மே வாக்கில் இணைசேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் பதிவதில்லை, இலையுதிர்காலம் வரை காத்திருக்கிறது. (இதற்குக் 'கருப்பதிவுத் தாமதம்' என்ற பெயர் போதும் என்று நினைக்கிறேன்.) நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் பெரும்பாலும் இரண்டு குட்டிகள். கண் திறக்காமல், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 600 கிராம்தான். அத்தனை பெரிய தாயின் மார்பு மயிருக்குள் புதைந்து, மூன்றில் ஒரு பங்கு கொழுப்பான பாலைக் குடித்து, மார்ச், ஏப்ரலில் வெளியே வரும்போது 10 கிலோவைத் தாண்டியிருக்கும். அதுவரை தாய்க்கு இரையே இல்லை. ஹட்சன் விரிகுடாவில் சினைக்கரடி கோடையிலேயே கரையேறிவிடுவதால் எட்டு மாதம் வரை பட்டினி கிடப்பதுண்டு. ஈனுவதற்கு முன்னும் பின்னும் அதே வளைதான். 'மகப்பேறு' என்றால் அந்த ஒரு நாளோடு நின்றுவிடுகிறது.

இனி, இந்தச் சொல்லைப் பற்றி எழக்கூடிய சில கேள்விகளும் என் பதில்களும்.

> ஈற்றுவளை என்று வைத்தால் என்ன? தலையீற்று, இரண்டாம் ஈற்று என்பதெல்லாம் இன்றும் பேச்சில் இருக்கிறதே.

நல்ல சொல்தான், நானும் முதலில் அதைத்தான் எழுதி வைத்தேன். ஆனால் ஈற்றடி, ஈற்றெழுத்து படித்த கண்ணுக்கு அது 'கடைசி வளை' என்று பட்டுவிடும்.

> ஈன் என்றதும் ஈனம் நினைவுக்கு வராதா?

ஈன்றெடுத்த தாய் என்கிறோம், பசு கன்று ஈன்றது என்கிறோம். யாருக்கும் ஈனம் நினைவுக்கு வருவதில்லை.

> புயல் நேரத்தில் ஆண் கரடியும் பனியைத் தோண்டிப் படுக்கிறதே, அதையும் இதே பெயரால் சொல்லலாமா?

கூடாது, அது வேறு. அதற்கு ஒதுங்குவளை என்று வைக்கலாம். வளை என்ற அடி பொதுவாக இருப்பதால் இப்படிக் கிளைச்சொற்கள் எளிதாகக் கிடைக்கும்.

இந்தச் சொல் எனக்கு உறுதியானது கரடியைப் படித்தபோது அல்ல, அது தின்னும் இரையைப் படித்தபோது. உடம்பில் வளையம் வளையமாகக் குறி கொண்ட சிறிய சீல், கடல்பனியில் மூச்சுவிட வைத்திருக்கும் தன் மூச்சுத்துளைக்கு மேலே படிந்த பனிப்பொதியைக் குடைந்து, அதற்குள்தான் குட்டி ஈனுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வெண்பரப்பு. வசந்தத்தில், தாய்க்கரடி மாதக்கணக்கான பட்டினியோடு குட்டிகளை அழைத்துக்கொண்டு கடல்பனிக்கு இறங்கும் அதே காலம். மூக்கைத் தாழ்த்தி மோப்பம் பிடிக்கிறது, நிற்கிறது, பின்னங்கால்களில் எழும்பி முன்கால் இரண்டையும் சேர்த்துப் பனிமேல் இறக்குகிறது. கூரை உடைகிறது. உடைவது சீலின் ஈன்வளை. உடைப்பது சில நாள் முன்பு தன் ஈன்வளையை விட்டு வந்த தாய். 'கரடிக் குகை' என்று வைத்திருந்தால் சீலுக்கு நாம் இன்னொரு சொல் தேடியிருப்போம், இரண்டும் ஒரே வகை வேலை என்பது தமிழில் படிப்பவருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் ஈன்வளை, ஒதுங்குவளை இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். மூச்சுத்துளையா மூச்சுக்கண்ணா என்பதையும் அப்படியே முடித்துவிடலாம்.