புதுப்பிப்பு: அம்மாக்கள் ரேம்ப் ஷோ, குழந்தை அழுதால்?

2015 மார்ச்சில் மிலானில் இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான டோல்சே & கபானா அம்மாக்களுக்காக நடத்திய ‘விவா லா மம்மா’ (அம்மா வாழ்க) ஷோ பற்றிய முந்தைய இழையில், அதுபோல நாமும் நடத்துவது குறித்து இரண்டு கேள்விகள் வந்தன. அங்கே சில மாடல்கள் கைக்குழந்தையோடு நடந்தார்கள்.

கைக்குழந்தை நடுவழியில் அழுதால்? பசி மட்டுமே காரணமாக இருக்காது. மேடைக்குப் பின்னாலிருக்கும் இருட்டிலிருந்து திடீரென வெளிச்சத்துக்கும் இரைச்சலுக்கும் வருவதாலும் அழலாம். மேடை வாசலருகே ஸ்பீக்கர் வைக்காதீர்கள். ஒத்திகையிலும் அதே பாட்டு, அதே விளக்கு இருக்கட்டும். பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்த பிறகே உடை மாற்றுங்கள். குழந்தையைத் தூக்கியதும் அம்மாவுக்குத் தன் காலடி தெரியாது. அதனால் உடையின் முன்விளிம்பைத் தரையிலிருந்து 3 செ.மீ. ஏற்றித் தையுங்கள். ஊசிக்குதிகால் செருப்பு வேண்டவே வேண்டாம். குழந்தை சாயும் தோளில் ப்ரூச் (உடையில் குத்தும் அலங்கார ஊசி), தொங்கட்டான் கூடாது.

அந்த மிலான் ஷோவில் உடைகளில் வந்த குழந்தைக் கிறுக்கல்களை எம்ப்ராய்டரியில் கொண்டுவருவது எப்படி? 1 மி.மீ.க்கும் மெல்லிய கோட்டுக்கு நூலை நெருக்கமாக நிரப்பும் சாட்டின் தையல் சரிவராது, ஓட்டுத்தையல் போதும். மெல்லிய துணிக்கு அடியில் அதைத் தாங்கிப்பிடிக்கும் எம்ப்ராய்டரி தாள் (backing) வைக்காவிட்டால் சுருங்கிவிடும். கோணல் கோட்டை மட்டும் நேராக்கிவிடாதீர்கள், அழகே அதுதான்!