புதுப்பிப்பு: கச்சான் காலத்தில் பவளத் தொட்டி, சூடும் உப்பும்

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் மட்டக்களப்புக் கல்லடியில் உயிர்ப் பவளம் வளர்க்கும் என் 200 லீற்றர் கடல்நீர்த் தொட்டியின் சூடு 30 பாகையைத் தாண்டுகிறது, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்குவதா, மின்விசிறி போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். விசிறிதான் வைத்தேன். போதும்.

இரண்டு சின்ன விசிறிகள் தண்ணீரின் மேற்பரப்பைச் சாய்வாக ஊதுகின்றன. ஆவியாகும் தண்ணீர் சூட்டையும் கொண்டுபோவதால் தொட்டி இப்போது 27 பாகையை ஒட்டியே நிற்கிறது. கச்சான் வறண்ட காற்று என்பதால் இது நன்றாக எடுபடுகிறது. மார்கழி மழையின் ஈரக்காற்றில் இவ்வளவு பலன் இருக்காது, அப்போது தேவையும் குறைவு.

உண்மையான வேலை உப்பில்தான். தண்ணீர் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். 5 லீற்றர் குறைந்தாலே ஆயிரத்துக்கு 35 இருந்த உப்பு கிட்டத்தட்ட 36 ஆகிவிடும். அதனால் குறைந்ததை ஈடுகட்ட உப்புத் தண்ணீர் வேண்டாம், உப்பு நீக்கி வடிகட்டிய ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். நான், மட்டம் குறைந்தால் திறந்துகொள்ளும் மிதவை வால்வு பூட்டிவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தானே நிரம்புகிறது. பவளத்துக்கு ஒரேயடியாக மாறுவதுதான் ஆகாது.

உப்பை அளக்கும் ரிஃப்ரக்டோமீற்றரை வெறும் தண்ணீரில் சரிபார்ப்பதை விட, ஆயிரத்துக்கு 35 என்று அளவு தெரிந்த கரைசலில் சரிபார்ப்பது நல்லது.

தொட்டிக்கு மட்டக்களப்பு வாவித் தண்ணீர் எடுக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. மழை வந்தால் அதன் உப்பு வெகுவாக இறங்கிவிடும், ஊர்க்கழிவும் அதில் கலக்கிறது.

மழைக்கால அளவுகளையும் எடுத்த பிறகு எழுதுகிறேன்.