நசாவ் (பஹாமாஸ்), கொசுமெல் (மெக்சிகோ) துறைமுகங்களில் அம்மாவும் அப்பாவும் தனியாக இறங்கலாமா?

வணக்கம். ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். கனடாவில் இருக்கும் அக்கா, ஜூலையில் மயாமியிலிருந்து புறப்படும் சுற்றுலாக் கப்பலில் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிப் போகிறார். கைக்குழந்தை இருப்பதால் அக்கா கப்பலிலேயே தங்கிவிடுவார். கரையில் இறங்கப்போவது இவர்கள் இரண்டு பேரும்தான்.

அமெரிக்க அரசின் பயண எச்சரிக்கையில் 4 நிலைகள் உண்டு. பஹாமாஸ் 2ஆம் நிலையில் இருக்கிறது, அதாவது கூடுதல் கவனத்தோடு போகலாம். நசாவில் ஷெர்லி வீதிக்குத் தெற்கே உள்ள 'ஓவர் த ஹில்' பகுதியைத்தான் குறிப்பாகச் சொல்கிறார்கள். துறைமுகத்தை ஒட்டிய பே வீதியில் பகலில் நடப்பதற்குப் பயப்படத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். புறக்கோட்டையில் பையை அணைத்துக்கொண்டு நடப்பதுபோல நடந்தால் சரி.

எனக்குப் பெரிய பயம் நேரம்தான். கோடையில் கொசுமெல் நேரம் மயாமி நேரத்தைவிட 1 மணித்தியாலம் பின்னால். கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினாலும், கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். அப்பா அதை நம்பித்தான் நடப்பார். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது.

அப்புறம் கடவுச்சீட்டு. அமெரிக்க விசா அதில்தான் இருக்கிறது. கரையில் தொலைந்தாலும் கஷ்டம், அறையில் வைத்துவிட்டுக் கப்பலைத் தவறவிட்டாலும் கஷ்டம்.

இலங்கைக் கடவுச்சீட்டோடு இந்தத் துறைமுகங்களுக்குப் போன அண்ணன்மார், அக்காமார் இருந்தால் சொல்லுங்கள்: கடவுச்சீட்டை என்ன செய்தீர்கள்? வயதானவர்களுக்கு, விலை கூடினாலும் கப்பலின் சுற்றுலாவையே எடுப்பது நல்லதா?