புதுப்பிப்பு: ஏற்காடு ஃபைபர் கயாக்கில் எண் கிடைத்துவிட்டது

ஏற்காட்டில் எங்கள் காப்பி எஸ்டேட் கொட்டகையில் கிடக்கும் பழைய ஃபைபர் கயாக்கை (துடுப்புப் படகை) யார் செய்தது என்று கேட்டிருந்தேன். பின்முனையில் வலப்பக்கம் பாருங்கள் என்று ஒரு அண்ணன் சொன்னார். படகின் அடையாள எண் அங்கேதான் இருந்தது! பச்சைப் பெயிண்டை மெதுவாகச் சுரண்டியதும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாகத் தெரிந்தன. 1972 நவம்பரிலிருந்து அமெரிக்காவில் செய்யும் படகுகளுக்கு இது கட்டாயம். முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளர், அடுத்த ஐந்து வரிசை எண், கடைசி நான்கு மாதமும் வருடமும். இதில் 0576, அதாவது 1976 மே. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! தயாரிப்பாளரின் நடு எழுத்து மட்டும் தேய்ந்திருக்கிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் சி மாதிரியும் தெரிகிறது, ஜி மாதிரியும் தெரிகிறது. இரண்டையும் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் தயாரிப்பாளர் பட்டியலில் தேடப்போகிறேன். அப்புறம், பழைய படகு வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில் உப்புத்தாள் தேய்க்காதீர்கள், எண்ணும் சேர்ந்து போய்விடும்.